பழைய மடிக்கணனிக்குப் புதிய புரொசசரா? வளையலைக் கழற்றுமுன் ஒரு கணம்!

எமது தாய்மார் தையல் மெஷினோடு வாழ்ந்தவர்கள். மெஷின் இறுகிப்போனால் அவர்கள் முதலில் செய்வது என்ன? தூசியைத் தட்டி, எண்ணெய் விடுவார்கள். அதற்கும் சரிவராவிட்டால் பெல்ட்டைப் பார்ப்பார்கள், ஊசியை மாற்றுவார்கள். எடுத்த எடுப்பிலேயே "மெஷினின் தலையை மாற்ற வேண்டும்" என்று யாராவது சொல்லியிருந்தால், "உமக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டிருப்பார்கள்.

இன்று பல வீடுகளில் அந்தத் தையல் மெஷின் இருந்த மூலையில் ஒரு மடிக்கணனி இருக்கிறது. அது மெதுவாகிப் போனால் மட்டும் நாம் ஏன் முதலில் "தலையை மாற்றும்" யோசனைக்குப் போகிறோம்? "புரொசசரை மாற்று", "வேகத்தைக் கூட்டு", "ஓவர்குளொக் செய்" என்று ஆளுக்கொரு ஆலோசனை சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் காசு புரட்டப் புறப்படும் சகோதரிகளுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் எமது கரையோர ஊர்களில் மடிக்கணனி இப்போது ஆடம்பரப் பொருளல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் திரை வழியாக வீட்டுக்குள் வந்தது. அதன் பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளின் விலையும் அதனுடன் சேர்ந்து ஏறியது. புதிய மடிக்கணனி என்பது நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாக் கனியாயிற்று. ஆகவே, பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் வாங்கிய மடிக்கணனியை இன்னும் சில காலம் ஓட்டியாக வேண்டிய நிலையில் பல வீடுகள் இருக்கின்றன.

ஓட்ட முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் காசை எங்கே போட வேண்டும் என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம்.

ராத்தா வீட்டு மடிக்கணனி

என் ராத்தாவின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய வாப்பா கட்டாரில் வேலை செய்த காலத்தில், 2014இல் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணனிதான் அவளுக்குத் துணை. 2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அது அவளை அழவைக்கத் தொடங்கியது. ஆளியை அமுக்கிவிட்டுத் தேயிலை ஊற்றிக் குடித்து முடித்தாலும் திரை தயாராகாது. ஒப்படை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படியே உறைந்து நிற்கும். ஒப்படைக்க வேண்டிய இரவில், எழுதிய நான்கு பக்கமும் போய்விட்டது என்று பிள்ளை விம்மினாள்.

உறவுக்காரத் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "ராத்தா, இது பழைய ஐ5. ஐ7 புரொசசர் ஒண்டு போட்டு, கொஞ்சம் ஓவர்குளொக் செஞ்சு விட்டா புதுசு மாதிரிப் பறக்கும்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு ராத்தா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, கையிலிருந்த வளையலைத் தடவிக்கொண்டே, "இத ஈடு வெச்சா சரிவரும். பிள்ளைட படிப்புத்தானே பெரிசு" என்றார்.

தம்பி கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மேசைக் கணனியில் அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார். மடிக்கணனியும் அதுபோலத்தான் என்று நினைத்துவிட்டார். நான் ராத்தாவிடம், "வளையல் கையிலேயே கிடக்கட்டும். முதலில் நோய் என்னவென்று பார்ப்போம், பிறகு மருந்துக்குக் காசு தேடுவோம்" என்றேன்.

சமையற்காரர், மேசை, களஞ்சியம்

மடிக்கணனிக்குள் நடப்பதை விளங்கிக்கொள்வது கஷ்டமான காரியமல்ல. ஒரு கலியாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள்.

புரொசசர் என்பது சமையற்காரர். வேலையைச் செய்பவர் அவரே. ரெம் என்பது அவருக்கு முன்னால் இருக்கும் மேசை. வெட்டிய வெங்காயம், அரைத்த மசாலா, கழுவிய அரிசி எல்லாம் அதில்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்பது வீட்டின் பின்னால் இருக்கும் களஞ்சிய அறை. மூடை மூடையாகப் பொருட்கள் அங்கே கிடக்கின்றன. தேவைப்படும்போது ஓர் ஆள் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும்.

இப்போது சமையல் சுணங்குகிறது. சமையற்காரர் மெதுவானவரா? போய்ப் பார்த்தால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். களஞ்சியத்துக்குப் போன ஆள் இன்னும் திரும்பி வரவில்லை. மேசையோ சிறியது. ஒன்றை வைக்க ஒன்றை எடுத்துத் திருப்பிக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் இன்னும் கைவேகமான சமையற்காரரைக் கூடிய சம்பளத்துக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? அவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்!

பழைய மடிக்கணனிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அவற்றிலுள்ள ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே சுழலும் ஒரு தட்டு. வழக்கமாக நிமிடத்துக்கு 5400 தடவை, அதாவது விநாடிக்கு 90 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு விநாடியின் ஆயிரத்தில் 11 பங்கு நேரம் செல்கிறது. தகவலை வாசிக்கும் முள் சரியான இடத்துக்கு நகர்ந்து, தட்டின் அந்தப் பகுதி கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. மடிக்கணனி எழுந்து நிற்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கிறது. காத்திருப்பு ஒன்றோடொன்று சேர்ந்து நிமிடக்கணக்காகிறது.

இதற்கு மாற்றாக வந்ததே எஸ்.எஸ்.டி. என்பது. இதில் சுழலும் தட்டு இல்லை, நகரும் முள்ளும் இல்லை. ஒரு தகவலைத் தேடி எடுக்க அது எடுக்கும் நேரம் ஹார்ட் டிஸ்க் எடுக்கும் நேரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். களஞ்சியத்தைக் கொண்டுவந்து சமையலறைக்குள்ளேயே வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கழற்ற முடிந்ததும் கழற்ற முடியாததும்

சரி, புரொசசரை மாற்றவே முடியாதா என்று கேட்பீர்கள். சில மடிக்கணனிகளில் முடியும். எவற்றில் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இன்டெல் நிறுவனத்தின் கோர் புரொசசர்களின் பெயரிலேயே விபரம் அடங்கியிருக்கிறது. உதாரணமாக, ராத்தாவின் மகளுடைய மடிக்கணனியில் இருந்தது ஐ5-4200யூ. இதில் 4200 என்ற இலக்கத்தின் முதல் எண்ணான 4, அது நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது எனக் காட்டுகிறது. கடைசியில் உள்ள "யூ" என்ற எழுத்து, மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் வகை என்பதைக் காட்டுகிறது. "யூ" வகைப் புரொசசர்கள் தாய்ப்பலகையோடு ஈயத்தால் ஒட்டப்பட்டே வருகின்றன. கழற்றி மாட்டுவதற்கு அவற்றில் குழி இல்லை. மாற்றுவதென்றால் பலகையையே மாற்ற வேண்டும்.

2011 முதல் 2014 வரையான காலத்தில் வந்த இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் "எம்", "கியூஎம்", "எம்கியூ" என்ற எழுத்துக்களில் முடியும் புரொசசர்கள் பெரும்பாலும் குழியில் பொருத்தப்பட்டவை. அவற்றைக் கழற்றலாம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துவிட்டு விற்கப்பட்ட மடிக்கணனிகள் பல இங்கு வருகின்றன. அவற்றுள் லெனோவோ திங்பாட் டி420, டி430, டி440பி, டெல் லட்டிடியூட் ஈ6420, ஈ6430 முதலியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஐந்தாம் தலைமுறையிலிருந்து, அதாவது 2015 அளவிலிருந்து, சாதாரண வீட்டு மடிக்கணனிகளில் இன்டெல் புரொசசர்கள் எல்லாமே ஒட்டப்பட்டுத்தான் வருகின்றன.

குழி இருந்தாலும் எதையும் எதிலும் போட்டுவிட முடியாது. நான்காம் தலைமுறைப் புரொசசருக்கும் மூன்றாம் தலைமுறைக்கும் குழி வேறு. குழி பொருந்தினாலும், மடிக்கணனியின் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருள் புதிய புரொசசரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இல்லையேல் திரை கறுப்பாகவே இருக்கும். அடுத்தது சூடு. சாதாரண "எம்" வகை ஏறக்குறைய 35 வாற்று வரை வெளியிடும்; நான்கு கருக்களைக் கொண்ட பெரிய வகைகளிற் பல ஏறக்குறைய 45 வாற்று வரை போகும். காற்றாடியும் செப்புக் குழாயும் பழைய அளவுக்குச் செய்யப்பட்டவை. சார்ஜரும் அப்படியே. 65 வாற்று சார்ஜர் போதாமல் 90 வாற்று தேவைப்படலாம்.

இவ்வளவும் பொருந்தி வந்து, வீட்டில் வீடியோ தொகுக்கும் வேலையோ பெரிய வடிவமைப்பு வேலையோ செய்பவர் இருந்தால், இரண்டு கருக்கள் உள்ளதை நான்கு கருக்கள் உள்ளதாக மாற்றுவதில் பயன் உண்டு. ஒப்படை எழுதவும், சூம் வகுப்பில் இருக்கவும், கணக்கு வழக்குப் பார்க்கவும் அது தேவையே இல்லை.

ஓவர்குளொக் என்றால் என்ன?

புரொசசர் ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது. அந்தத் தாளத்தை, தயாரித்தவர் நிர்ணயித்ததைவிட விரைவாக அடிக்கச் செய்வதே ஓவர்குளொக்.

இதற்கு ஒரு பிரபலமான வரலாறு உண்டு. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரோன் 300ஏ என்ற மலிவான மேசைக் கணனிப் புரொசசர், 66 மெகாஹேர்ட்ஸ் தாளத்தை நாலரை மடங்காக்கி 300 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. தாய்ப்பலகையில் அந்த 66ஐ 100 ஆக மாற்றிவிட்டவர்கள், அதே காசுக்கு 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்தைப் பெற்றார்கள். "செலவில்லாமல் வேகம்" என்ற ஆசை உலகெங்கும் பரவ இது ஒரு காரணமாயிற்று.

ஆனால் அது மேசைக் கணனி. பெரிய பெட்டி, பெரிய காற்றாடி, நிறையக் காற்றோட்டம். மடிக்கணனிக்கு வந்த இன்டெல் புரொசசர்களில் இந்தப் பெருக்கத்தைக் கூட்ட அனுமதி உள்ளவை மிகச் சிலவே. ஐ7-2920எக்ஸ்எம், ஐ7-6820எச்கே போன்ற மிக விலைகூடிய வகைகளில்தான் அது திறந்திருந்தது. மற்றவற்றில் தயாரிப்பாளரே பூட்டி வைத்திருக்கிறார். ராத்தா வீட்டு ஐ5-4200யூவில் அந்த வழி இல்லவே இல்லை. பூட்டை உடைப்பதாகச் சொல்லி பயோஸை மாற்றி எழுதப் போய், மடிக்கணனி ஒரேயடியாக உயிரில்லாமல் போவதும் உண்டு.

பூட்டு இல்லாவிட்டாலும் சூடு இருக்கிறது. புரொசசரின் வெப்பம் அதன் வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை. வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டி வரும். வெப்பமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகத்தை 10 வீதமும் மின்னழுத்தத்தை 10 வீதமும் கூட்டினால், 1.1 ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள்: 1.33 வருகிறது. பத்து வீத வேகத்துக்கு முப்பத்துமூன்று வீத வெப்பம்! இது நட்டமான வியாபாரம் என்பதைச் சொல்லப் பொறியியலாளர் தேவையில்லை. சந்தைக்குப் போய்வரும் எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

கச்சான் காற்றும் கடற்காற்றும்

குளிர்நாட்டில் இருப்பவர் செய்ததை நாம் அப்படியே செய்ய முடியாதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வருட நடுவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது பகுதியின் பகல் எப்படிக் கொதிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சூடான காற்றைத்தான் மடிக்கணனியின் காற்றாடி உள்ளே இழுத்துப் புரொசசரைக் குளிர்விக்க வேண்டும்.

புரொசசர் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டப் போனவருக்கு வேகம் குறைந்து கிடைப்பது இதனால்தான். மேலும், கடற்கரை மணலின் தூசியும் துணியின் நூல் துகளும் காற்றாடியின் வாயிலில் ஒரு சிறு கம்பளிபோலப் படிந்துவிடுகின்றன. உப்புக் காற்று உலோக இணைப்புகளை மெல்ல அரிக்கிறது. புரொசசருக்கும் செப்புக் குழாய்க்கும் இடையில் பூசப்பட்டிருக்கும் தேர்மல் பேஸ்ட் என்ற பசை, சில வருடங்களில் காய்ந்த களிமண்போல் ஆகிவிடுகிறது. பிறகு சூடு வெளியேற வழி ஏது?

எமது பிள்ளைகள் மடிக்கணனியை மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்துப் பாவிக்கிறார்கள். காற்றுப் போகும் துவாரம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. மெத்தை அதை அடைத்துவிடும். ஒரு பலகையோ, தட்டையான தட்டமோ கீழே வைத்தாலே போதும். இது செலவில்லாத வைத்தியம். சூடு நீடித்தால் பெட்டரியின் ஆயுளும் குறையும். பெட்டரி உப்பி, விசைப்பலகையோ அடிப்பக்கமோ மேலெழுந்து தெரிந்தால் உடனே பாவனையை நிறுத்திவிட வேண்டும். அதை அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கக்கூடியது.

மூன்று விசையில் ஒரு சோதனை

மடிக்கணனியைக் கடைக்குக் கொண்டுபோகுமுன் வீட்டிலேயே நோயைக் கண்டறியலாம். விண்டோஸ் உள்ள மடிக்கணனி மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அமுக்குங்கள். டாஸ்க் மனேஜர் என்ற பலகை திறக்கும். அதில் பெர்போமன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே மூன்று விடயங்களைப் பாருங்கள்.

டிஸ்க் 100 வீதத்தில் நிற்க, சிபியூ பத்து இருபது வீதத்தில் இருந்தால், சுணக்கம் களஞ்சியத்தில். எஸ்.எஸ்.டி. போட வேண்டும்.

மெமரி 90 வீதத்தைத் தாண்டி நின்றால், மேசை சிறிது. 4 ஜீ.பி. ரெம்மை 8 ஜீ.பி. ஆக்க வேண்டும்.

சிபியூ நீண்ட நேரம் உச்சத்தில் நிற்க, அங்கே காட்டப்படும் வேகம் அதன் அடிப்படை வேகத்தைவிடக் குறைந்து கிடந்தால், சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே சுத்தம் செய்து, பசையைப் புதிதாகப் பூச வேண்டும்.

புரொசசரின் முழுப் பெயரும் அதே பக்கத்தில் இருக்கும். அதைக் கடதாசியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெயரைத் தெரிந்துகொண்டு பேசும் பெண்ணிடம் யாரும் இலேசில் கதை விட முடியாது.

நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். டிஸ்க் 100 வீதம். மெமரி 93 வீதம். சிபியூவோ 15 வீதத்தில் சும்மா இருந்தது! "சமையற்காரர் சும்மாதான் நிக்கிறார், சாச்சி" என்று மகள் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் அந்த மடிக்கணனிக்கு முன்னால் சிரித்தது அன்றுதான்.

ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு 4 ஜீ.பி. ரெம், உள்ளே சுத்தம், புதிய பசை. இவ்வளவும் சேர்ந்து, முன்னர் சொல்லப்பட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. இப்போது ஆளியை அமுக்கினால் அரை நிமிடத்துக்குள் திரை தயார். ராத்தாவின் வளையல் ராத்தாவின் கையில்.

விண்டோஸ் 10 பற்றி ஒரு வார்த்தை

"ஐ7 போட்டால் விண்டோஸ் 11 போடலாம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். இதையும் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற ஒரு வழியையும் வைத்தது. விண்டோஸ் 11க்கோ இன்டெல் புரொசசராயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது அதன் விதி. மூன்றாம், நான்காம் தலைமுறைக் குழியில் எட்டாம் தலைமுறைப் புரொசசர் பொருந்தாது. ஆகவே ஐ7 போட்டாலும் அது பழைய தலைமுறை ஐ7தான். அந்த விதி அதனால் நிறைவேறாது.

அப்படியானால் என்ன செய்வது? லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள் உள்ளன. பழைய மடிக்கணனிகளிலும் இவை ஓடும். தமிழிலும் தட்டச்சிடலாம். லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் ஒப்படை எழுதலாம், கணக்குப் பார்க்கலாம். முதலில் ஒரு பென் டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்து, பிடித்தால் பதியலாம். பாடத்துக்கு விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைக்காரரிடம் கொடுக்குமுன்

சகோதரிகளே, மடிக்கணனிக்குள் இருப்பது ஒப்படை மட்டுமல்ல. குடும்பப் படங்கள், கலியாண வீட்டு வீடியோக்கள், பிள்ளைகளின் முதல் சிரிப்பு, வங்கி விபரங்கள் எல்லாம் அதில்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். போனவர்களின் ஒரு படம்கூடக் கையில் மிஞ்சாத வீடுகள் எமது கரையில் இருக்கின்றன. அந்த வேதனையை அறிந்த நாம், ஒரேயொரு பிரதியை ஒரேயொரு பழைய டிஸ்க்கில் வைத்துக்கொண்டு இருக்கலாமா?

ஆகவே பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

1. திருத்தக் கொடுக்குமுன் முக்கியமானவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுங்கள்.

2. "அழித்துவிட்டேன்" என்று நம்பிவிடாதீர்கள். சாதாரணமாக அழித்த படத்தை மீண்டும் எடுத்துவிட முடியும்.

3. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. சிறிய உறை ஒன்றில் போட்டால் யூ.எஸ்.பி. வழியாகப் பாவிக்கலாம். பழுதாகாதிருந்தால் படங்களின் இரண்டாவது பிரதிக்கு உதவும்.

4. "எனது புரொசசர் குழியிலா, ஒட்டியதா?" என்று கேளுங்கள். ஒட்டியது என்றால் மாற்றும் பேச்சையே விட்டுவிடலாம்.

5. ரெம் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் காட்டி, அதே வகை கேளுங்கள். டிடிஆர்3 வேறு, டிடிஆர்3எல் வேறு, டிடிஆர்4 வேறு.

6. போட்ட பொருட்களின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைப் பெறுங்கள்.

7. முடியுமாயின் கூடவே இருந்து பாருங்கள். எஸ்.எஸ்.டி. மாட்ட அதிக நேரம் செல்லாது.

எல்லா மடிக்கணனியும் காசு போடத் தகுந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலிவான சில சிறிய வகைகளில் ரெம்மும் சேமிப்பும்கூடப் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் எதையும் கூட்ட முடியாது. தாய்ப்பலகையே பழுதாகி, கீல் உடைந்து, பெட்டரியும் உப்பிக் கிடந்தால் அதற்குச் செலவழிப்பது வீண்விரயமே.

எமது பெண்பிள்ளைகளுக்கும் கைவரும்

இறுதியாக ஒன்று. குடும்பப் படங்கள் உள்ள மடிக்கணனியை அந்நிய ஆடவர் கையில் கொடுக்கத் தயங்கி, பழுதாகவே மூலையில் போட்டு வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! இந்தத் திருத்த வேலை பாரந்தூக்கும் வேலையா? இல்லை. சிறிய ஸ்க்ரூ ட்ரைவர், பொறுமை, நுணுக்கமான கை. தையலும் பின்னலும் பழகிய கைகளுக்கு இது கடினமாக இருக்க முடியாது. கணனி வன்பொருள் திருத்துநருக்கான தேசியத் தொழிற்தகைமைப் பயிற்சிநெறிகள் எமது நாட்டில் உண்டு. பத்தாம் வகுப்போடும் சாதாரண தரத்தோடும் நின்றுவிட்ட பெண்பிள்ளைகள் அவற்றைக் கற்று, வீட்டு முன்னறையிலேயே ஒரு மேசை போட்டால், ஊர்ப் பெண்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் ஒரு வருமானம்.

ராத்தாவின் மகள் அன்று திருத்துநர் செய்ததை அருகிலிருந்து கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடந்த விடுமுறையில் பக்கத்து வீட்டு மாமியின் மடிக்கணனியை அவளே திறந்து, தூசி தட்டி, ரெம் மாட்டிக் கொடுத்தாள். மாமி காசு நீட்டினார். வாங்க மறுத்துவிட்டாள். மாமி விடவில்லை, ஒரு தட்டம் நிறைய வட்டிலப்பம் அனுப்பி வைத்தார்.

அடுத்த முறை உங்கள் வீட்டு மடிக்கணனி மெதுவானால், வளையலைப் பார்க்காதீர்கள். முதலில் அந்த மூன்று விசைகளையும் அமுக்கிப் பாருங்கள்.